தண்ணீர் கிடையாது, கரன்ட் கிடையாது... கடலாமை உண்டு!

ஆஸ்ப்ரே பே முகாமில் விடிவதற்கு முன்பே காஸ் அடுப்புகள் பற்றிக்கொள்ளும். காற்றுக்கு மறைப்பாகக் காரை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, அதன் கீழே டீ போடுகிறவர்களுக்கு எதிரில் கடல். நடுவில் சுவர் இல்லை, கடை இல்லை. தாழ்வான சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்றுதான். வெளிச்சம் வந்ததும் அந்தப் பாறை விளிம்பில் போய் நின்றால், ஆழமில்லாத தண்ணீரில் பேராமைகள் பாசி மேய்வது தெரியும். அவ்வப்போது ஒன்று தலையை மேலே தூக்கி, ‘புஸ்’ஸென்று மூச்சு விட்டு, மறுபடி குனிந்துகொள்ளும். இதற்குப் படகு வேண்டாம், டிக்கெட் வேண்டாம். டீ டம்ளரோடு நின்றாலே போதும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி நீளும் நிங்கலூ கடற்கரை இது. சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டியே ஓடுகிறது நிங்கலூ பவளப்பாறை. 2011ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. திமிங்கலச் சுறா, மாண்டா திருக்கை, கூன்முதுகுத் திமிங்கலம், மூன்று வகைக் கடலாமைகள், 500க்கும் மேற்பட்ட மீன் வகைகள் என்று கடலில் ஒரு பட்டியல். ஈமு, கங்காரு, பாறை வாலபி, இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் உடும்பு என்று கரையில் இன்னொரு பட்டியல். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய மணல் விளிம்பில், காரையே சமையலறையாகவும் படுக்கையறையாகவும் ஆக்கிக்கொண்டு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து தங்குகிறார்கள்.

அவர்களுக்கு அங்கே குடிநீர்க் குழாய் இல்லை. மின்சாரம் இல்லை. குளியலறை இல்லை. விறகு மூட்டிக் குளிர்காய அனுமதியும் இல்லை. இந்த ‘இல்லை’கள்தான் நிங்கலூவை இன்றுவரை நிங்கலூவாக வைத்திருக்கின்றன.

பெர்த் நகரத்திலிருந்து எக்ஸ்மவுத் ஊருக்குச் சாலை வழியாகச் சுமார் 1,250 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் வழியில் விழுப்புரமும் திருச்சியும் மதுரையும் வராது. ஜெரால்ட்டனைத் தாண்டிவிட்டால் அடுத்த பெரிய ஊர் கார்னார்வன். இடையில் பல மணி நேரத்துக்குச் செம்மண்ணும் புதரும், எப்போதாவது ஒரு பெட்ரோல் நிலையமும்தான். சாலையில் ஓடும் ‘ரோடு ட்ரெயின்’ லாரிகள் அதிகபட்சம் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கலாம் என்பது அந்த மாநிலச் சட்டம். அப்படியொன்றை முந்திப் போவதற்கு எவ்வளவு வெறும் சாலை தேவை என்பது முதல் முறை ஓட்டுகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பழகியவர்கள் அவசரப்படுவதில்லை, லாரி எங்காவது நிற்கும்வரை பின்னாலேயே போவார்கள்.

சூரியன் இறங்கியதும் அவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். அந்தி நேரத்தில் கங்காருக்கள் மேய்ச்சலுக்குச் சாலையோரம் வரும். விளக்கு வெளிச்சத்தில் மிரண்டு எந்தப் பக்கம் குதிக்கும் என்று அவற்றுக்கே தெரியாது. வாடகைக் கார் நிறுவனங்கள் பலவும் இந்த வட்டாரத்தில் இரவில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகின்றன. வண்டியை ஓரங்கட்டினால் தப்பிப்பது கார் மட்டுமில்லை, கங்காருவும்தான்.

கார்னார்வனில் வாழைத்தோட்டங்கள் உண்டு. பாலைவனத்தின் ஓரத்தில் வாழையா என்று வியப்பவர்களுக்குக் கேஸ்காயின் ஆறுதான் பதில். ஆண்டில் பெரும்பகுதி அது வெறும் மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கிறது. அதை இறைத்துத்தான் பாசனம். வடக்கே போகிறவர்கள் இங்கேதான் காய்கறி, பழம் வாங்கிக் குளிர்பெட்டியை நிரப்பிக்கொள்வார்கள். அங்கிருந்து மினில்யா வரை நெடுஞ்சாலை. பிறகு இடப்பக்கம் திரும்பி, மகர ரேகையைக் கடந்தால் நிங்கலூ வட்டாரம்.

எக்ஸ்மவுத் 1960களில் பிறந்த ஊர். அமெரிக்கக் கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப இங்கே ஒரு வானொலி நிலையம் கட்டியது. அதற்காகவே ஊர் உருவானது. அந்த நிலையத்தின் 13 கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன. நடுக் கோபுரத்தின் உயரம் 387 மீட்டர். 1999 மார்ச்சில் ‘வான்ஸ்’ புயல் அடித்தபோது பக்கத்து லியர்மந்த் விமான தளத்தில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 267 கிலோமீட்டர். வளைகுடாவின் எதிர்ப்பக்கம் இருக்கும் ஆன்ஸ்லோ ஊரில் 2022 ஜனவரியில் 50.7 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவாகி, நாட்டின் உச்சபட்ச வெப்பத்தைச் சமன் செய்தது. கோடையில் கூடாரத்தில் படுக்க நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. முகாம் பருவம் என்பது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான்.

ஊர் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம். பவளப்பாறை மேற்குப் பக்கம். நடுவில் கேப் ரேஞ்ச் என்னும் சுண்ணாம்புக் குன்றுகள். முனையைச் சுற்றிக்கொண்டு, விளாமிங் ஹெட் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே இறங்கினால் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் வாசல் வரும். அங்கிருந்து யார்டி க்ரீக் வரை தார்ச்சாலை. சாதாரணக் காரே போதும். சாலைக்கும் கடலுக்கும் நடுவில் சின்னச் சின்ன முகாம்கள்: மேசா, குர்ராஜாங், ஆஸ்ப்ரே பே... ஒவ்வொன்றிலும் இடங்கள் குறைவுதான்.

இடம் பிடிப்பது ஒரு தனிக் கலை. 180 நாட்களுக்கு முன்பே இணையத்தில் முன்பதிவு திறந்துவிடும். பள்ளி விடுமுறை வாரங்கள் என்றால் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோகும். கிடைத்தவர்கள் அத்தனையையும் சுமந்துகொண்டு வர வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் தண்ணீர் கேன்கள். காஸ் அடுப்பு. குளிர்பெட்டி, அதற்கு மின்சாரம் தர இரண்டாவது பேட்டரியோ சூரியத் தகடோ. கூடாரத்தின் சாதாரண முளைகள் சுண்ணாம்புப் பாறையில் இறங்காது என்பதால் உறுதியான இரும்பு முளைகள், கனத்த சுத்தியல். பின்மாலையில் எழும் தென்மேற்குக் காற்று, கட்டாமல் விட்ட எதையும் தூக்கிப்போகும். குப்பையைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். செல்பேசி சிக்னல் பெரும்பாலான இடங்களில் இல்லை. நாயைக் கூட்டிவரக் கூடாது. கழிவறை என்பது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, ஆழமான தொட்டிக்கு மேல் அமைந்த ஒரு கொட்டகை. பருவ காலத்தில் முகாம்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதியர், தங்கள் கேரவனோடு வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வருகிறார்கள்? விடை கடலடித் தரையின் அமைப்பில் இருக்கிறது.

ஆஸ்திரேலியக் கண்டத்தைச் சுற்றி ஆழமில்லாத ஒரு திட்டு கடலுக்குள் நீண்டிருக்கிறது. பல இடங்களில் அது நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். நிங்கலூவில் மட்டும் சுமார் பத்துக் கிலோமீட்டரிலேயே முடிந்து, பாதாளம் தொடங்கிவிடுகிறது. நடுக்கடலில் திரியும் பெரிய உயிர்கள் இங்கே கரைக்கு இவ்வளவு அருகில் வருவது அதனால்தான். கண்டங்களின் மேற்குக் கரைகளில் பொதுவாகக் குளிர்ந்த நீரோட்டம் ஓடும், பவளம் வளராது. இங்கே லீவின் நீரோட்டம் வெப்பமண்டலத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைத் தெற்கே கொண்டுவருகிறது. பெரிய ஆறுகள் வந்து கலந்து நீரைக் கலங்கடிப்பதும் இல்லை. எனவே பவளம் கரையை ஒட்டியே செழித்துவிட்டது; சில இடங்களில் மணலிலிருந்து நூறு மீட்டர் நீந்தினாலே போதும்.

இந்த அருகாமையை முதலில் அனுபவித்தவர்கள் கார் வைத்திருக்கவில்லை. மாண்டு மாண்டு ஓடையோரக் குகையில் தொல்லியலாளர் கேட் மோர்ஸ் 1980களின் இறுதியில் செய்த அகழாய்வில், கூம்புச் சங்குகளைத் துளையிட்டுச் செய்த 22 மணிகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 32,000 ஆண்டுகள். பனியுகத்தில் கடல் உள்வாங்கியிருந்தது. பிறகு அது திரும்ப ஏறியதால், கண்டத்தின் மற்றப் பக்கங்களில் அன்றைய கரையோர வாழ்விடங்களெல்லாம் இன்று தண்ணீருக்கடியில் மூழ்கிக் கிடக்கின்றன. இங்கே திட்டு குறுகலானது என்பதால் அன்றைக்கும் கடல் வெகுதூரம் போகவில்லை, குகை தப்பியது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பையுங்கு, தலாஞ்சி மக்களின் நிலவுரிமையை 2019 டிசம்பரில் நீதிமன்றம் அங்கீகரித்தது. இன்று கடற்கரையை மாநில அரசோடு சேர்ந்து நிர்வகிப்பவர்கள் அவர்கள்தான். முகாமில் பெயரைச் சரிபார்க்க வரும் வனக்காவலர் அந்த 32,000 ஆண்டு வரலாற்றின் வாரிசாக இருக்கலாம்.

டர்க்காய்ஸ் பே கடற்கரைக்குப் போனால், நீச்சல் தெரிந்தவர்கள் தெற்கு முனைக்கு நடப்பதைப் பார்க்கலாம். கண்ணாடியும் மூச்சுக் குழலும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிச் சில பத்து மீட்டர் உள்ளே போனால், கை காலை அசைக்கவே வேண்டாம். நீரோட்டம் வடக்கு நோக்கி மெதுவாக இழுத்துப்போகும். கீழே பவளத் தோட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்னும் ‘கறுக் கறுக்’ சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அது தின்று கழிக்கும் சுண்ணாம்புத் தூள்தான் இந்த வெள்ளை மணலில் ஒரு பகுதி. மணலில் பாதி புதைந்து நீலப் புள்ளித் திருக்கை ஒன்று கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். மேலே ஒரு மனிதர் மிதந்து போவதை அது பொருட்படுத்தாது.

ஆனால் எங்கே கரையேற வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வடக்கே மணல்முனை ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். தாண்டிவிட்டால், பவளப்பாறையிலுள்ள இடைவெளி வழியாகத் திறந்த கடலுக்கு ஓடும் நீர் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துப்போய்விடும். அலை பெரிதாக இருக்கும் நாட்களில் இழுப்பும் கூடும். மில்யரிங் தகவல் மையத்தில் அன்றைய ஓதம், காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு இறங்குவதுதான் புத்தி.

கரையிலிருந்தே பார்க்க முடியாத ஒன்று உண்டு. அதற்குப் படகுதான் ஏற வேண்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பௌர்ணமி கழிந்து ஒரு வாரம், பத்து நாளில், நிங்கலூவின் பவளங்கள் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் வெளியிடும். இரவுத் தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்புத் துகள்கள் மேலெழும். கடல் உயிர்ச்சத்து நிறைந்து கொழிக்கும் இந்தப் பருவத்தில் திமிங்கலச் சுறாக்கள் வரத் தொடங்கி, ஜூலை வரை இருக்கும். உலகின் மிகப் பெரிய மீன் இதுதான். இங்கே வருபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். சிறு விமானம் மேலிருந்து நிழலைப் பார்த்துப் படகுக்குச் சொல்லும். படகு முன்னால் போய் நிற்கும். ஒரு நேரத்தில் பத்துப் பேர் மட்டுமே தண்ணீரில் இறங்கலாம். உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் விலகியே நீந்த வேண்டும். தொடக் கூடாது, வழிமறிக்கக் கூடாது, ஃப்ளாஷ் போடக் கூடாது. ஒரு நாள் கட்டணம் 400 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

கட்டணம் அதிகம்தான். ஆனால் அந்தப் படகுகளில் எடுக்கப்பட்ட சாதாரணப் படங்கள் அறிவியலுக்குச் செய்த உபகாரம் பெரிது. திமிங்கலச் சுறாவின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிக் கோலம் ஒன்றைப்போல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. 1995ல் பெர்த்தைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் பிராட் நார்மன் அந்தப் பகுதியைப் படமெடுத்து ஒரு தொகுப்பு உருவாக்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் ஒப்பிட முடியாது. கணினி நிரலாளர் ஜேசன் ஹோம்பர்க், நாசா வானியலாளர் சாவென் அர்சுமானியன் ஆகியோரோடு சேர்ந்தபோது வழி பிறந்தது. விண்மீன் கூட்டங்களின் படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வானியலில் ஒரு கணக்குமுறை இருந்தது, 1986ல் எழுதப்பட்டது. புள்ளி விண்மீனில் இருந்தால் என்ன, மீனின் தோலில் இருந்தால் என்ன? முக்கோணங்களாக இணைத்துப் பார்க்கும் அதே முறையைச் சுறாவுக்குத் திருப்பினார்கள். 2005ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அடுத்த ஆண்டு நார்மனுக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது.

தொகுப்பின் தொடக்கத்திலேயே இடம்பெற்ற சுறா ஒன்றுக்கு வால் சிதைந்திருந்ததால் ‘ஸ்டம்ப்பி’ என்று பெயர் வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது நிங்கலூவுக்குத் திரும்பத் திரும்ப வந்தது பதிவாகியிருக்கிறது. விடுமுறைக்கு வந்த ஒருவரின் கேமரா எடுத்த படமும் அந்தப் பதிவில் ஒரு வரியாகச் சேரும். இந்தியாவில் குஜராத் கரையில் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொல்லப்பட்டு வந்த இதே மீனுக்கு 2001ல்தான் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய முதல் மீன் அது.

திமிங்கலங்களுக்கு இந்தக் கரையில் இன்னும் கசப்பான கணக்கு இருக்கிறது. பாயின்ட் கிளோட்ஸ் அருகே நார்வீஜியன் பேயில் திமிங்கல வேட்டை நிலையத்தின் துருப்பிடித்த மிச்சங்கள் இன்றும் கிடக்கின்றன. 1950களில் அது மூடப்பட்டது. 1963ல் ஆஸ்திரேலியா கூன்முதுகுத் திமிங்கல வேட்டையையே நிறுத்தியது. அப்போது மேற்குக் கரைக் கூட்டத்தில் எஞ்சியவை சில நூறுதான் என்று மதிப்பிடப்படுகிறது. இன்று ஆயிரக்கணக்கில் மீண்டுவிட்டன. 2022ல் அழிவு அபாயப் பட்டியலிலிருந்தே அந்த இனத்தை நீக்கினார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை ஆஸ்ப்ரே பேயில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர், பவள விளிம்பில் உடையும் வெள்ளை அலைக்கு அப்பால் ஒரு கரிய உடல் முழுதாக எழும்பி விழுவதைப் பார்ப்பார். சத்தம் சற்றுத் தாமதமாக வந்து சேரும். கொல்லுவதை நிறுத்தினால் மீண்டு வரும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி உலகில் அதிகமில்லை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை, வெயிலுக்குப் பயந்து முகாம்கள் காலியாகும் நேரத்தில், ஆமைகளின் முறை. பேராமை, பெருந்தலை ஆமை, அழுங்காமை என்று மூன்று இனங்கள் இங்கே முட்டையிடுகின்றன. கலங்கரை விளக்கத்துக்கு அருகிலுள்ள ஜுராபி ஆமை மையத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இரவில் கூட்டிப்போவார்கள். டார்ச் இல்லை, செல்பேசி வெளிச்சம் இல்லை, பேச்சு இல்லை. அலையோரமாகவே நடந்து, ஆமை ஏறிய தடம் கண்டதும் உட்கார்ந்துவிட வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் உடம்பைத் துடுப்புக் கால்களால் இழுத்து இழுத்து, நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி அது மேலே ஏறும். முன்கால்களால் பள்ளம் பறிக்கும்போது வீசியெறியும் மணல் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் வந்து விழும். பிறகு பின்கால்களை ஒரு கை போலக் குவித்து, ஈர மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே வைத்து முட்டைக் குழியைத் தோண்டும். குழியைக் கண்ணால் பார்க்காமலேயே இதைச் செய்கிறது. ஒரு முறை நூறு முட்டைகளுக்குமேல். ஏதாவது வெளிச்சம் பட்டால், பாதி வேலையிலேயே திரும்பிப் போய்விடும்.

கடற்கரை வாகன நிறுத்தத்தில் முகப்பு விளக்கை எரியவிடும் ஒரு கார், தெரியாமலேயே ஒரு கூட்டைக் கெடுத்துவிட முடியும். குஞ்சுகளும் அப்படித்தான்: பொரிந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும், அது கடலாக இருந்தாக வேண்டும். 2002 முதல் தன்னார்வலர்கள் கோடைதோறும் விடியற்காலையில் நடந்து ஆமைத் தடங்களை எண்ணிவருகிறார்கள்.

ஆமை முட்டைக்குப் பெரிய எதிரி நரி. ஐரோப்பியர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட சிவப்பு நரி இந்தக் கரை வரை பரவிக் கூடுகளைச் சூறையாடியது. ‘1080’ என்ற நஞ்சு கலந்த இரையைப் போட்டு அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். மற்ற விலங்குகள் செத்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் சில தாவரங்களில் இந்த நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது. அவற்றைக் காலங்காலமாகத் தின்று வந்த உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி உண்டு. வந்தேறி நரிக்கு அது கிடையாது. நரி குறைந்ததால் பலன் பெற்றவற்றில் யார்டி க்ரீக் பள்ளத்தாக்கின் கருவிலாப் பாறை வாலபிகளும் உண்டு. செங்குத்தான சிவப்புச் சுவரில், ஒரு ஆள் காலை வைக்கவும் இடமில்லாத விளிம்பில், அவை நின்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

குன்றுகளுக்கு அடியில் இன்னொரு உலகமே இருக்கிறது. சுண்ணாம்புக் குகைகளின் இருண்ட நீரில் கண்ணில்லாத மீன்கள் இரண்டு வகை வாழ்கின்றன. பண்டேரா என்ற நீர்ப்பள்ளத்தில் வாழும் ‘ரெமிபீட்’ என்ற கணுக்காலி உயிரின் உறவினங்கள் கரீபியக் குகைகளில் இருக்கின்றன. தெற்கு அரைக்கோளத்தில் அதன் வகையில் வேறொன்று இதுவரை கிடைக்கவில்லை. முகாமில் காரை நிறுத்தித் தூங்குகிறவர்களுக்குக் கீழே, பாறைக்குள், பழைய கடல்களின் எச்சங்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன.

இத்தனையும் தானாகத் தங்கிவிடவில்லை. கோரல் பே அருகே மாட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் படகுத்துறையோடு கூடிய பெரிய சொகுசு விடுதி ஒன்றைக் கட்டும் திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்முரமாக இருந்தது. எதிர்த்தவர்களில் பலர் இங்கே கூடாரம் போட்டுத் தங்கியவர்கள். ‘நிங்கலூவைக் காப்பாற்றுங்கள்’ ஸ்டிக்கர் பெர்த் நகரத்துக் கார்களின் பின்பக்கமெல்லாம் ஒட்டப்பட்டது. எழுத்தாளர் டிம் விண்டன் ‘டர்ட் மியூசிக்’ நாவலுக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை இயக்கத்துக்கே கொடுத்தார். 2002 டிசம்பரில் ஃப்ரிமேன்டிலில் சுமார் 15,000 பேர் திரண்டார்கள். 2003 ஜூலையில் மாநில முதல்வர் ஜெஃப் கேலப் திட்டத்தை நிராகரித்தார். அடுத்து, நிங்கலூ கடல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்கு மீன் பிடிக்கவே கூடாத பகுதியாக்கப்பட்டது.

விடுதி வந்திருந்தால் இரவெல்லாம் விளக்கு எரிந்திருக்கும். படகுத்துறைக்காகக் கடலடியைத் தோண்டியிருப்பார்கள். தண்ணீர் கேன் சுமந்து வருகிறவரால் மூன்று நாளோ ஐந்து நாளோதான் தாக்குப்பிடிக்க முடியும்; பிறகு அவர் கிளம்பியாக வேண்டும், குப்பையோடு. நிங்கலூவுக்கு அந்த விருந்தாளிதான் பொருத்தம்.

ஆனால் எந்த முகாம் விதியாலும் தடுக்க முடியாத ஒன்று 2025 கோடையில் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியக் கடற்பரப்பு மாதக்கணக்கில் கொதித்தது. சில இடங்களில் இயல்பைவிட 4 டிகிரி வரை கூடுதல். வெப்பம் தாங்காத பவளம் தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் உணவும் அந்தப் பாசிதான் என்பதால் பவளம் வெளுத்து, பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். நிங்கலூவில் இதுவரை பதிவானதிலேயே மோசமான வெளிறல் அது. ஆஸ்ப்ரே பே, டர்க்காய்ஸ் பே என்று முகாமிடுபவர்கள் கரையிலிருந்தே நீந்திப் பார்க்கும் ஆழமில்லாத பகுதிகள்தான் கடுமையாக அடிபட்டன. கண்டத்தின் மறுகரையில் கிரேட் பேரியர் பவளப்பாறையும் அதே சமயத்தில் வெளிறியது. முன்பு ஒன்று அடிபட்டால் மற்றது தப்பிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் போனது.

அதே ஆண்டு செப்டம்பரில், இதே மாநிலத்தின் வடமேற்குக் கரையில் இயங்கும் நார்த் வெஸ்ட் ஷெல்ஃப் எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீட்டிக்க மத்திய அரசு இறுதி அனுமதி கொடுத்தது. கடல் சூடாவதற்குக் காரணமான எரிபொருள் பக்கத்துக் கடலிலிருந்தே இன்னும் பல பத்தாண்டுகளுக்கு எடுக்கப்படும். பெர்த்திலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு 2,500 கிலோமீட்டர் வந்து போகும் கார்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லைதான். ஆனால் முகாமிடுபவரையும் எரிவாயு நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. முதலாமவர் தன் குப்பையை எடுத்துப்போகிறார்.

பழைய இயக்கத்தின் தொடர்ச்சி இப்போது தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம், எக்ஸ்மவுத் வளைகுடாவுக்கு நகர்ந்திருக்கிறது. கூன்முதுகுத் தாய்கள் தெற்கே திரும்பும் வழியில் கன்றுகளோடு தங்கிப் பாலூட்டுவதும், கடற்பசுக்கள் கடற்புல் மேய்வதும் அங்கேதான். வளைகுடாவின் பெரும்பகுதி உலகப் பாரம்பரிய எல்லைக்கு வெளியே விடப்பட்டிருக்கிறது. தொழில் திட்டங்கள் அதன் மேல் கண் வைத்தபடியே இருக்கின்றன. அதையும் கடல் பூங்காவாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டுவந்தவர்களில் பலர், இருபது ஆண்டுகளுக்கு முன்பு காரில் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். இப்போது அவர்களோடு கையெழுத்து வாங்கப் போவது அவர்களின் பிள்ளைகள்.